பூட்டு இருந்தது, வீடு இல்லை

சித்திரை மாதத்து உச்சிவெயிலில் திண்டுக்கல் வீதிகளில் நடப்பவர், ஒரு கணம் நின்று தென்திசையை நோக்காமல் போவது அரிது. அங்கே சிறுமலை நீலநிறமாய் நீண்டு கிடக்கிறது. மேற்கே திரும்பினால் பழனிமலைத் தொடர் மேகத்தைத் தலையில் தாங்கி நிற்கிறது. கீழே நமக்கோ புழுதி, வியர்வை, குடத்துடன் தண்ணீருக்குக் காத்திருப்பு! “அந்த மலைமேல் நமக்கென்று ஒரு சிறு வீடு இருந்தால்!” என்று ஏங்காத உள்ளம் உண்டோ?

இந்த ஏக்கம் சிலருக்குக் கைகூடியும் வருகிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், வெளிநாட்டில் உழைத்துப் பொருள் ஈட்டியவர் என நம் பங்குக் குடும்பங்களிலேயே சிலர் மலையில் நிலம் வாங்கி வீடு எழுப்புகின்றனர். மந்திரிக்க நம்மை அழைக்கின்றனர். மகிழ்ச்சியோடு செல்கிறோம். தீர்த்தம் தெளித்துச் செபித்து, அவர்கள் அன்புடன் இடும் உணவை உண்டு விடைபெறும் வேளையில், ஒரு கேள்வி கேட்பது நம் வழக்கம்: “நீங்கள் கீழே இறங்கிய பின் இந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது யார்?”

பலர் சிரித்துவிட்டுச் சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டுவர். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர் அல்லவா! ஆயினும், அந்தக் கேள்வியை நாம் விளையாட்டாகக் கேட்பதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அது நம் பிழையைப் பற்றியது, மறைக்காமல் சொல்லுவோம்.

மலை விரட்டிய விருந்தினர்

மலையில் வீடு கட்டும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1834ஆம் ஆண்டில் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் சபையார், சமவெளியின் வெப்பத்தாலும் வாந்திபேதி முதலிய நோய்களாலும் தம்மவரைப் பறிகொடுத்து வருந்தினர். உடல் தேற ஓரிடம் தேடிய அவர்கள் கண்ணில் முதலில் பட்டது நம் சிறுமலையே. அங்கே இரண்டு பங்களாக்களைக் கட்டினர். நிழல் இருந்தது, குளிர்ச்சியும் இருந்தது. ஆனால், மலைக்காய்ச்சல் அவர்களை விடவில்லை. நோய்க்கு அஞ்சி மலையேறியவர்கள் மலையிலும் நோயையே கண்டனர். எனவே சிறுமலையைக் கைவிட்டு, இன்னும் உயரமான பழனிமலையை நாடி, 1845இல் கொடைக்கானலில் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்னும் இரு வீடுகளை எழுப்பினர். இன்றைய கொடைக்கானல் நகரின் தொடக்கம் அவ்விரு வீடுகளே எனலாம்.

அவர்களைச் சிறுமலையிலிருந்து விரட்டியது எது? காட்டின் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று அக்காலத்தார் நம்பினர். ‘மலேரியா’ என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பதுதான் பொருள். 1897ஆம் ஆண்டில், செகந்திராபாத்தில் பணிபுரிந்த ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். கடல்மட்டத்திற்கு இரண்டாயிரம் மீட்டருக்கு மேலுள்ள கொடைக்கானலின் குளிரில், அக்கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து முற்றுவது அரிது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரமுள்ள சிறுமலையில் அதற்குத் தடையில்லை. வீட்டில் குறையில்லை, வீட்டைச் சுற்றி இருப்பதை அறியாததே குறை. மலையில் குடியேற நினைப்போர் கற்கவேண்டிய முதற்பாடம் இது.

இயேசு சபைக் குருக்களும் அவ்வழியே சென்றவர்கள்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென் சீர் அடிகளார் கொடைக்கானலில் ஒரு பங்களாவை வாங்கி, ‘லா புரோவிடான்ஸ்’, அதாவது ‘இறைப்பராமரிப்பு’, என்று பெயரிட்டார். 1895இல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரி எழுந்தது. அந்நாளில் மலைக்கு மோட்டார்ச் சாலை கிடையாது. 1875இல் இருப்புப்பாதை வந்த பின்னரும், அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறவேண்டும். அரிசி மூட்டையும் கண்ணாடிச் சன்னலும் மனிதர் தலைமீதும் தோள்மீதும் ஏறின.

அந்த வீடுகளைக் கட்டியவர் பெயரும் வாங்கியவர் பெயரும் நூல்களில் நிற்கின்றன. உடையவர்கள் சமவெளிக்கு இறங்கிச் சென்ற மாதங்களில் ஓட்டைச் சரிசெய்து, விறகு உலர்த்தி, அடுப்பு மூட்டிக் காத்திருந்தவர் பெயரோ எங்கும் இல்லை.

இறந்தோர் வீடும் இருப்போர் வீடும்

பழனிமலையில் தாண்டிக்குடி முதலிய இடங்களில் பெரும்பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி அமைத்த கற்றிட்டைகள் உள்ளன. ஊரார் ‘குள்ளர் வீடு’ என்றும் ‘பாண்டவர் வீடு’ என்றும் கதை சொல்லுவர். செண்பகனூரைச் சேர்ந்த ஆங்கிலாட் அடிகளாரும் நியூட்டன் அடிகளாரும் அவற்றைத் தேடி ஆராய்ந்து எழுதிய நூலை, 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அவை பழங்காலத்தார் இறந்தோர்க்கு எழுப்பிய நினைவிடங்கள். காவலர் எவரும் இன்றி எத்தனையோ நூற்றாண்டுகளாக அவற்றுட் பல நிற்கின்றன.

நாம் கட்டும் வீடு மட்டும் ஏன் நிற்பதில்லை? இறந்தோர் வீட்டில் காட்டுக்கு வேண்டியது ஒன்றுமில்லை, வெறுங்கல். இருப்போர் வீட்டிலோ மரம் உண்டு, வைக்கோல் உண்டு, தானியம் உண்டு, உப்பு உண்டு, வெதுவெதுப்பான மூலை உண்டு. கரையான், எலி, குரங்கு, பூஞ்சணம், பாம்பு என ஒவ்வொன்றுக்கும் அங்கே ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. “குடியில்லா வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும்” என்று நம் முன்னோர் சொன்னது வெறும் சிரிப்புக்கன்று.

பெரியவர் கற்பித்த பாடம்

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இளங்குருவாக நாம் பணியாற்றிய பங்கிற்கு, மலைமேல் ஒரு கிளைக்கிராமம் இருந்தது. வாழையும் காப்பியும் மிளகும் பயிரிடும் தோட்டங்களுக்கு நடுவே சிதறிய சில குடும்பங்கள். வாகனம் செல்லும் பாதை முடிந்த பின் இரண்டு மணி நேரம் நடக்கவேண்டும். விளைபொருள்கள் குதிரைமீது இறங்கும். அங்கே சிற்றாலயத்தை ஒட்டி, கல்லும் மண்ணும் சேர்த்த சுவரும் நாட்டோட்டுக் கூரையும் உடைய இரண்டு அறை வீடு ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை திருப்பலிக்குச் செல்லும் குருவானவர் இரவு தங்குவதற்காகக் கட்டியது. அதைக் காத்து வந்தவர் கோயில்பிள்ளையாக இருந்த ஒரு பெரியவர், மனைவியை இழந்தவர், அடுக்களைச் சாய்ப்பில் குடியிருந்தார்.

விடியற்காலையில் அவர் செய்யும் முதல் வேலை, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவது. சுவரடியில் கரையான் இரவோடிரவாக எழுப்பிய மண்கோட்டைத் தட்டிவிடுவார். “இன்னைக்கு விரல் நீளம் இருக்கும் சாமி. ஒரு வாரம் விட்டா உத்தரத்துக்குப் போயிரும்” என்பார். குரங்கு நகர்த்திய ஓட்டை அன்றன்றே ஏணி வைத்துச் சரிசெய்வார். ஊற்றுக்குச் சென்று குழாய்வாயில் அடைந்த சருகை எடுத்து, தொட்டியில் படிந்த வண்டலை வாரத்திற்கு ஒருமுறை கழுவி விடுவார்.

ஐப்பசி பிறக்குமுன் விறகு சாய்ப்பில் அடுக்கப்பட்டிருக்கும். உப்பும் மிளகாயும் விதைகளும் அடுப்புக்கு மேலான பரணில், தீப்பெட்டி மூடி போட்ட போத்தலில், அரிசி உறியில். “எலிக்குச் சோறு வச்சா பாம்புக்கு விருந்து வச்ச மாதிரி” என்பது அவர் கண்ட உண்மை. வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புல் முளைக்க விடமாட்டார். பாம்பு தெரியவேண்டும், கோடையில் காட்டுத்தீ நெருங்காதிருக்கவேண்டும் என்று இரண்டு காரணம் சொல்வார். காட்டுமாடு முற்றத்தில் நின்றால் கதவைத் திறக்கமாட்டார். அது போகும்வரை நாமும் உள்ளேயே இருக்கவேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் மேலாக, அவர் நாள்தோறும் அடுப்பு மூட்டினார். அந்த வெப்பமும் புகையும் கைமரங்களின் ஈரத்தை உலர்த்தும், பூச்சியை ஓட்டும், மண்சுவரைக் காயவைக்கும். கண்ணையும் மார்பையும் கெடுக்காதபடி புகை வெளியேற முகட்டில் ஒரு திறப்பும் வைத்திருந்தார். அந்தி சாய்ந்ததும் திண்ணைமாடத்தில் ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைப்பார். பாதையில் வருவோர்க்கு அது தெரியும். திண்ணையில் ஒரு டோலிக்கம்பும் கம்பளியும் எப்போதும் இருக்கும். நோயாளியைத் தூக்கி வருவோர் அங்கே இளைப்பாறி, வெந்நீர் குடித்து, ஆள் மாற்றிக்கொண்டு இறங்குவர்.

இவ்வளவுக்கும் நாம் அவருக்கு அளித்தது மாதம் ஐந்நூறு ரூபாயும், விளக்குக்கு மண்ணெண்ணெயும்.

நம் பிழை

சில ஆண்டுகளில் பாதை சீர்பட்டது. ஜீப் ஆலயத்திற்கு அருகிலேயே வந்தது. காலையில் ஏறித் திருப்பலி முடித்து, மாலையில் பங்கிற்குத் திரும்ப முடிந்தது. இரவு தங்கத் தேவையில்லை. தேவையில்லாத வீட்டிற்குக் காவலர் எதற்கு? ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்தபோது, அந்த ஐந்நூறு ரூபாய் நம் கண்ணை உறுத்தியது. நாமே, நம் கையாலேயே, அந்த வரியை அடித்தோம். யாரும் நம்மை வற்புறுத்தவில்லை.

பெரியவர் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. வத்தலக்குண்டுப் பக்கம் இருந்த மகள் வீட்டிற்குப் போகத் தம் துணிமூட்டையைக் கட்டினார். நாம் நகரத்தில் வாங்கிய உறுதியான மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கதவில் மாட்டினோம். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பூட்டு மனுசனுக்குத்தான் தெரியும் சாமி. கரையானுக்குத் தெரியாது.”

முதலாண்டு குரங்கு ஓர் ஓட்டை நகர்த்தியது. ஒன்றுதானே என்றிருந்தோம். அந்த ஒரு துளை வழியே ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் கைமரத்தில் இறங்கியது. இரண்டாமாண்டு, நனைந்து இளகிய மரத்தைக் கரையான் தின்றது, உத்தரம் தாழ்ந்தது. மூன்றாமாண்டு, தாழ்ந்த கூரையின் நீர் முழுவதும் மண்சுவரின் தலையில் ஊற்ற, பின்சுவர் ஒரே இரவில் அமர்ந்துவிட்டது. ஐம்பது ஆண்டு நின்ற வீடு மூன்று மழைக்காலத்தில் போயிற்று.

வீடு போனதோடு முடிந்திருந்தால், பண நட்டம் என்று ஆறியிருப்போம். அந்த மூன்றாம் ஆண்டின் மழைநாள் ஒன்றில், தோட்டக் குடிசையிலிருந்த நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு நள்ளிரவில் வலி கண்டது. ஜீப் வரும் நிலையில் பாதை இல்லை. கணவனும் மாமியாரும் அண்டை வீட்டார் இருவரும் அவளைக் கட்டிலோடு தூக்கி, வழக்கம்போல் ஆலயத்து வீட்டை நோக்கி வந்தனர். விளக்கு இல்லை. விறகு இல்லை. கம்பளி இல்லை. முன்கதவில் பூட்டு மட்டும் இருந்தது. பாதி இடிந்த திண்ணையில், சாரலில், குழந்தை பிறந்தது.

இறைவன் அருளால் தாயும் சேயும் பிழைத்தனர். தாய் மட்டும் சன்னி கண்டு பல வாரம் மருத்துவமனையில் கிடந்தாள். பார்க்கச் சென்ற நம்மிடம் அந்த மாமியார் கோபமாகப் பேசவில்லை. “வெளிச்சம் இருக்கும்னு நெனச்சு வந்துட்டோம் சாமி” என்று மட்டும் சொன்னார். கணக்கில் மிச்சப்படுத்திய ஐந்நூறு ரூபாய் எத்தகைய மிச்சம் என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

மறுவாரமே பெரியவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு அப்போது நடக்க இயலவில்லை. குதிரைமீது அமர்த்தி மேலே அழைத்துச் சென்றோம். இடிபாட்டைச் சுற்றிப் பார்த்தார். மட்கிய கதவில் பூட்டு துருவேறாமல் தொங்கிற்று. அதை அவர் தொடவே இல்லை. சாய்ப்பின் மண்ணைக் கைத்தடியால் விலக்கி, மூன்று அடுப்புக்கற்களைக் காட்டினார். “இது இருக்கு சாமி. முதல்ல ஆள் வச்சு இதை மூட்டுங்க. கூரையைப் பெறகு பாக்கலாம்.”

அவ்வாறே செய்தோம். ஓர் இளங்குடும்பத்தை முறையான ஊதியத்தில் அமர்த்திய பின்னரே சுவர் எழுந்தது. பெரியவர் இன்று இல்லை. விளக்கு எரிகிறது.

குளக்கரைக் குடிலின் கதை

தனிக்குடில் வாழ்வைப் பற்றிப் பேசுவோர் அமெரிக்க அறிஞர் தோரோவைச் சொல்லாமல் விடார். கொடைக்கானலில் முதல் வீடுகள் எழுந்த அதே 1845இல், ஜூலை 4 அன்று, அவர் வால்டன் என்னும் குளக்கரையில் தம் கையால் கட்டிய குடிலில் குடியேறினார். பதினைந்தடி நீளம், பத்தடி அகலம். செலவு ஏறத்தாழ இருபத்தெட்டு டாலர். எளிய வாழ்வின் இன்பத்தை உலகுக்கு எடுத்துரைத்த நூல் அங்கிருந்து பிறந்தது.

ஆயினும், அவர் அங்கே வாழ்ந்தது இரண்டு ஆண்டு இரண்டு மாதமே என்பதும், உறவினர் வாழும் ஊருக்கு நடந்தே சென்று வரும் தொலைவில் அக்குடில் இருந்தது என்பதும் பலர் நினைவில் நிற்பதில்லை. அவர் 1847இல் வெளியேறிய பின் குடிலைப் பிறர் பெயர்த்துச் சென்றனர். அது தானியம் வைக்கும் இடமாயிற்று. முடிவில் பிரிக்கப்பட்டு, அதன் மரம் வேறு கட்டடங்களுக்குப் போயிற்று. நூல் நின்றது, குடில் நிற்கவில்லை. எழுதுவதற்கு இரண்டு ஆண்டு போதும். வீடு நிற்பதற்கு ஒருவர் நாள்தோறும் இருக்கவேண்டும்.

மலையில் வீடு வைத்திருப்போர்க்கு

இதைப் படிப்போரில் சிலருக்கு மலையில் வீடு இருக்கலாம். சிலர் குடும்பத்தார் அங்கே காவற்பணியில் இருக்கலாம். இருசாராரையும் எண்ணிச் சிலவற்றைக் கூறுகிறோம்.

இடம் தேர்கையில் அழகிய காட்சியை மட்டும் பாராதீர். மலைமுகட்டில் காற்றும் இடியும் தாக்கும். ஓடைப்பள்ளத்தில் வெள்ளம் வரும். சரிவை வெட்டினால் மண் இறங்கும். கூரைக்குமேல் சாயும் பெருமரத்தின் கீழ்க் கட்டவேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் உள்நாட்டுக்கு வந்து, கொடைக்கானல் மலையிலும் மரங்களைச் சாய்த்துப் பாதைகளை அடைத்ததை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு மார்ச் 11இல், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீ, மலையேறச் சென்ற பலரைப் பலிகொண்டது. மாசி பிறக்குமுன் வீட்டைச் சுற்றிப் புல்லை அகற்றிவிடுங்கள்.

குளிருக்கு அஞ்சிக் கதவு சன்னலை மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கவே கூடாது. கரிப்புகையின் நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை; உறக்கத்திலேயே உயிரைப் போக்கிவிடும். பாம்பு கடித்தால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தவறு. கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல் தூக்கி, விஷமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லவேண்டும். அதற்குரிய வண்டியும் வழியும் முன்னரே ஏற்பாடாகி இருக்கட்டும்.

இறுதியாகக் காவலரைப் பற்றி. அவருக்கு உரிய ஊதியத்தைத் தவறாமல் கொடுங்கள். நீங்கள் மேலே செல்லாத மாதத்திலும் கொடுங்கள், ஏனெனில் அம்மாதத்தில்தான் அவர் உங்கள் வீட்டைக் காக்கிறார். அவர் குடியிருக்கும் சாய்ப்பின் கூரை உங்கள் படுக்கையறைக் கூரைபோல் ஒழுகாமல் இருக்கட்டும். அவருடைய பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள். மலையில் வாழும் பிள்ளைக்குப் படிப்பு எட்டவில்லையெனில், கீழே விடுதியில் சேர்க்க உதவுங்கள். வாரம் ஒருநாளேனும் ஆலயத்திற்கும் சந்தைக்கும் இறங்கிவர அவருக்கு ஓய்வு கொடுங்கள். காட்டின் நடுவே தனித்திருக்கும் மனிதருக்குக் கூலியைப் போலவே மனித முகமும் தேவை.

அடுத்த விடுமுறைக்கு நீங்கள் மலையேறும்போது, கதவைத் திறந்ததும் சன்னல் வழியே தெரியும் பள்ளத்தாக்கைப் பார்த்து வியப்பீர்கள். அதற்கு முன் ஒருமுறை பின்பக்கம் சென்று அடுப்படியைப் பாருங்கள். அங்கே சாம்பல் சூடாக இருந்தால், அதை மூட்டியவரைப் பெயர் சொல்லி அழைத்து, அவர் கையால் ஒரு குவளை தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, பிறகு பள்ளத்தாக்கைப் பாருங்கள்.